கழக மைதானத்துக்குப் பாட வராத இசைக்குழு: கோபமும் ரிக்கெற் காசும்

விசுவமடுவில் இருந்து ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இது. புதுக்குடியிருப்புப் பக்கத்தில் ஒரு விளையாட்டுக் கழகம் தன் ஆண்டு விழாவுக்கு யாழ்ப்பாணத்து இசைக்குழு ஒன்றைப் பேசியிருந்தது. சனிக்கிழமை இரவு நிகழ்ச்சி, ரிக்கெற் ஆயிரம் ரூபா. அன்று பின்னேரம் நாலு மணிக்கு, தவிர்க்க முடியாத காரணத்தால் இரத்து என்று ஒரு வரி வந்தது. அவ்வளவுதான். அதே குழு அந்த மாதம் வன்னியில் ஒத்துக்கொண்ட மற்றக் கழக நிகழ்ச்சிகளையும் விட்டுவிட்டது. கோயில் திருவிழாக்களில் மட்டும் பாடியது. கோபப்பட்டு எழுதியவர்களைப் பார்த்து, "ஒரு பாட்டு நிகழ்ச்சிக்கு இவ்வளவு கொதிப்பா?" என்று குழுவோடு நிற்கிறவர்கள் கேட்டிருக்கிறார்கள். "அண்ணா, நாங்கள் கோபப்பட்டது பிழையா? காசு திரும்ப வருமா? ஏன் கழகம் என்றால் மட்டும் இப்படிச் செய்கிறார்கள்?" என்று தங்கச்சி கேட்கிறார்.

நான் கன காலமாக வன்னி மேடைகளுக்கு ஒலி அமைப்புச் செய்துகொடுக்கிறவன். குழுக்களோடும் பழக்கம், கழகங்களோடும் பழக்கம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கோபப்பட்டது பிழையே இல்லை, தங்கச்சி. ஆயிரம் ரூபா என்பது ரிக்கெற்றின் விலை மட்டும்தான். நிகழ்ச்சிக்கு வந்துபோகிற செலவு வேறு. பரந்தன் முல்லைத்தீவு வீதியில் பகலில் பஸ் ஓடுகிறது; இரவு நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்குப் போக ஒன்றும் இல்லை. நாலைந்து வீடு சேர்ந்து ஓட்டோவோ ஹயஸ் வானோ பேசத்தான் வேண்டும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்து உள்வீதி என்றால் யானைப் பயமும் சேரும். மோட்டார் சைக்கிளில் தனியப் போக வீட்டில் விடமாட்டார்கள். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற பிள்ளைகள் ஓவர்டைமை விட்டுவிட்டு வருகிறார்கள், அந்தக் காசும் போகும். இளம் பெண்பிள்ளைக்கு இரவு நிகழ்ச்சி என்றால் அம்மாவைச் சம்மதிக்க வைப்பதே ஒரு கிழமை வேலை. கடைசியில் அம்மாவும் பாயைச் சுருட்டிக்கொண்டு கூட வருவதாகத்தான் முடியும். இத்தனையும் ஒழுங்குபண்ணி, தலைக்குக் குளித்து வெளிக்கிட்டு நிற்கிற நேரத்தில் அந்த ஒரு வரி வருகிறது. காசு திரும்பி வந்தாலும், அடுத்தமுறை அம்மாவிடம் போய்க் கேட்கிற துணிவு லேசில் வராது. கொழும்பில் இருப்பவருக்கு ஒரு நிகழ்ச்சி தவறினால் வேறொன்று கிடைக்கும். இங்கே நல்ல ஒலி அமைப்போடு ரிக்கெற் போட்டு நடக்கிற இசை நிகழ்ச்சி வருசத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியது.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது வன்னிக்குள் பற்றரி வராது, மின்சாரமும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோவும் கசற்றும் கேட்ட தலைமுறை அது. சுற்றுகிறவருக்குக் கை களைத்தால் பாட்டு இழுபடும். உடனே பக்கத்தில் இருக்கிறவர் கைமாற்றுவார், பாட்டு மறுபடி நிமிரும். அப்படிக் கேட்டவர்களின் பிள்ளைகள்தான் இன்றைக்குக் கழக மைதானத்துக்கு வருகிறார்கள். கிளிநொச்சியில் வாழ்ந்து 2017 பெப்ரவரியில் காலமான பாடகர் எஸ். ஜி. சாந்தன் மேடையில் நேரே நின்று பாடியதைக் கேட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், எந்தக் கோயில், எந்தப் பாட்டு, ஆர் பக்கத்தில் இருந்தது என்று எல்லாம் சொல்வார்கள். அந்தச் சனத்துக்கு நேரே கேட்கிற பாட்டு எவ்வளவு பெரிய விசயம் என்று, "ஒரு பாட்டு நிகழ்ச்சிதானே" என்கிறவர்களுக்குத் தெரியவில்லை.

அதற்காக எங்கள் சனம் பொறுமை இல்லாதவர்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஊரில் ஒரு சாவீடு விழுந்தால் கழகப் பெடியளே ஏறி லவுட்ஸ்பீக்கரைக் கழற்றி இறக்குவார்கள். ரிக்கெற் வாங்கிய ஒருவர்கூட அன்றைக்குக் காசைப் பற்றிக் கதைக்கமாட்டார். மே 12 தொடக்கம் 18 வரை முள்ளிவாய்க்கால் நினைவு வாரம், நவம்பர் 21 தொடக்கம் 27 வரை மாவீரர் வாரம். அந்த நாட்களில் பாட்டு நிகழ்ச்சி வைக்க இங்கே மனம் வராது, தெரியாமல் திகதி விழுந்தாலும் மாற்றிவிடுவார்கள். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவு திறந்து, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஊர் ஊராக வெள்ளம் நின்றது. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகள், 2020 மார்ச்சில் ஊரடங்கு, 2022இல் ஜெனரேற்றருக்கு ஊற்ற டீசல் கிடைக்காத மாதங்கள். இத்தனைக்கும் நிகழ்ச்சிகள் நின்றன. இதற்காக ஒரு குழுவையாவது சனம் திட்டி நான் கேட்டதில்லை.

2024 சனவரி 27, 28ஆம் திகதிகளில் கொழும்பில் இளையராஜாவின் நிகழ்ச்சி இருந்தது. எங்கள் பக்கத்தில் இருந்தும் போக ஆயத்தமாய் நின்றார்கள். 25ஆம் திகதி அவருடைய மகள் பவதாரிணி இலங்கையிலேயே காலமானார். நிகழ்ச்சி தள்ளிப்போனது. ரிக்கெற் வைத்திருந்தவர்கள் என்னோடு கதைத்தபோது அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் கதைத்தார்கள்.

உங்களுக்கு வந்த அறிவித்தலில் காரணமே இல்லை. மன்னிப்பு இல்லை, காசைப் பற்றி ஒரு சொல் இல்லை, வேறு திகதியும் இல்லை. பாடகருக்குத் தொண்டை கட்டிவிட்டது என்றோ, கீபோர்ட் வாசிக்கிறவர் ஆஸ்பத்திரியில் என்றோ வெள்ளிக்கிழமை சொல்லியிருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியை எழுதியே இருக்கமாட்டீர்கள்.

சரி, ஏன் கழகம் மட்டும்? இதற்குள் மூன்று சிக்கல் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது.

கோயில் திகதியை ஒருவரும் அசைக்க முடியாது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் என்றால் வைகாசி விசாகத்தை ஒட்டிய திங்கட்கிழமைதான். திருவிழாக்கள் எல்லாம் திதி, நட்சத்திரம் பார்த்துக் குறித்தவை. அன்றைக்கு வராத குழு அடுத்த வருசமும் இல்லை. அதைவிட, கோயிலில் அந்த இரவுச் செலவை உபயகாரர் ஒருவரே முழுதாய் ஏற்பார், பலபேர் கனடாவிலோ லண்டனிலோ இருந்து முன்கூட்டியே அனுப்பிவிடுவார்கள். குழுவுக்குக் காசு உறுதி. கழகத்தின் கதை வேறு. முற்பணம் ஒரு பகுதி, மிச்சம் வாசலில் ரிக்கெற் விற்றுத்தான். ரிக்கெற் மந்தமாகப் போகிறது என்று கேள்விப்பட்டால் குழுவுக்குப் பயம் வந்துவிடும், மிச்சக் காசு கைக்கு வருமோ என்று. கழகம் திகதியைத் தன் வசதிக்குத்தானே வைத்தது, பின்னுக்குத் தள்ளினால் என்ன என்ற எண்ணமும் இருக்கிறது. ஆகவே ஒரே நாளில் இரண்டு அழைப்பு மோதினால் எதை விடுவார்கள் என்பது சொல்லாமலே விளங்கும்.

வாத்தியக்காரர் பிரச்சினை இன்னொன்று. மேடையில் வேறு வேறு குழுவின் பெயர் தொங்கும். ஆனால் ஒக்டபாட் என்கிற மின் தாளக்கருவி வாசிக்கிறவரும் கீபோர்ட்காரரும் இரண்டு மூன்று குழுவுக்குப் பொதுவாக இருப்பார்கள். வைகாசி தொடக்கம் ஆவணி வரை அவர்களுக்கு நித்திரையே இல்லை. அதில் ஒருவருக்கு வெளிநாட்டு நிகழ்ச்சிக்கு விசா வந்துவிட்டால் அந்த மாதம் மூன்று குழு ஒன்றாய் நொண்டும். அது பிழை என்று நான் சொல்லமாட்டேன். சூரிச்சிலோ ரொறன்ரோவிலோ ஒரு பயணத்தில் கிடைக்கிறது, இங்கே ஒரு வருசம் முழுக்க அலைந்தும் கிடைக்காது. வீட்டில் பிள்ளை குட்டி இருக்கிற மனிதன் போகத்தான் செய்வான். ஆனால் விசாவுக்குக் கொடுத்தது அவருக்கு முன்னமே தெரியும். குழுத் தலைவருக்கும் தெரியும். கழகத்துக்கு மட்டும் தெரியாது.

மூன்றாவது, இரட்டை மேடைப் பழக்கம். சில குழுக்கள் ஒரே இரவில் யாழ்ப்பாணத்தில் ஏழு மணிக்கு ஒரு கோயில், பிறகு வன்னியில் ஒரு கழகம் என்று ஒத்துக்கொள்ளும். முந்தி விடிய விடியப் பாடின காலத்தில் அது சரிவந்தது. 2007இல் உயர் நீதிமன்றம் இரவு 10 மணி தொடக்கம் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு போட்டது. அதற்கு மேல் போக விசேட அனுமதி வேண்டும். கழக நிகழ்ச்சிக்கு அந்த அனுமதி எடுப்பது கஷ்டம், பரீட்சைக் காலம் என்றால் பொலிஸ் இன்னும் தயங்கும். முதல் மேடையை ஒன்பது மணிக்கு முடித்தாலும், ஆனையிறவு தாண்டிப் பரந்தனில் திரும்பிப் புதுக்குடியிருப்புக்கு வர ஒன்றரை இரண்டு மணித்தியாலம் ஓடிவிடும். வந்து கேபிள் குத்தி மைக் சரிபார்க்கிற நேரத்தில் அனுமதி முடிந்துவிடும். இது பின்னேரம் நாலு மணிக்குத்தான் குழுவுக்கு விளங்குகிறதா? இல்லை. கடைசிவரை சமாளிக்கலாம் என்று இழுத்து, ஏலாது என்று ஆனபிறகு ஒரு வரி போடுகிறார்கள். உங்கள் நிகழ்ச்சிக்கு நடந்தது இதுதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. சனிக்கிழமை பின்னேரம் வருகிற இரத்து அறிவித்தல்களில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அந்த நாலு மணிக்கு மைதானம் எப்படி இருக்கும் என்று குழுக்காரர் ஒருநாளாவது வந்து பார்க்க வேண்டும். உழவு இயந்திரப் பெட்டி இரண்டைச் சேர்த்துப் பலகை அடித்து மேடை கட்டியிருக்கும். பவுசரில் தண்ணீர் கொண்டுவந்து அடித்துப் புழுதியை அடக்கியிருப்பார்கள். ஸ்பீக்கர் அடுக்கி, வயர் இழுத்து, ஜெனரேற்றருக்கு டீசலும் ஊற்றியாகிவிட்டது. வாடகைக் கதிரையைப் பெடியள் வரிசையாய்ப் போட்டு முடிக்கிற நேரம். வாசலில் கச்சான் விற்கிற அம்மா அடுப்பு மூட்டி மணலைச் சூடாக்கத் தொடங்கியிருப்பா. அறிவித்தல் வந்த பிறகும் அவ வறுக்கிறதை நிற்பாட்டமாட்டா. ஊறவைத்து உப்புப் போட்ட கச்சான், திரும்பச் சாக்கில் கொட்ட முடியாது. கழகச் செயலாளர் ஒரு கையில் போனோடும் மறு கையில் ரிக்கெற் கட்டோடும் நிற்பார், வயது இருபத்தைந்து இருக்காது. குழு முற்பணத்தைத் திருப்பிப் போட்டுவிட்டால் கணக்கு முடிந்தது என்று நினைக்கிறது. சுவரொட்டி, கதிரை, மேடை, டீசல், என் லொறிக் கூலி எல்லாம் அந்தப் பெடியன் தலையில். பல இடத்தில் நான் என் கூலியைப் பாதியாக்கி வாங்கியிருக்கிறேன், வாங்காமலும் வந்திருக்கிறேன். கச்சான் அம்மாவுக்கு ஆரும் ஒன்றும் கொடுப்பதில்லை.

காசுக்கு வருவோம். உங்களிடம் ரிக்கெற் விற்றது கழகம், எனவே உங்களுக்குத் திருப்பித் தரவேண்டியதும் கழகம்தான். குழு வராததால் கழகத்துக்கு வந்த நட்டம் அவர்கள் இருவருக்கும் இடையிலான கணக்கு. அதைக் காட்டி உங்களைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. இதைச் சொல்ல எனக்கு வருத்தம்தான், அந்தப் பெடியளின் பாடு எனக்குத் தெரியும். ஆனாலும் முறை அதுதான்.

ரிக்கெற்றை எறியாமல் வைத்திருங்கள், இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். அதில் பிரதேச சபை முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கேளிக்கை வரிக்காக ரிக்கெற்றுகளைச் சபையில் காட்டி முத்திரை குத்தி வாங்குவது முறை. அப்படிச் செய்திருந்தால் எந்த இலக்கம் தொடக்கம் எந்த இலக்கம் வரை அடித்தார்கள் என்பது சபையில் பதிவாக இருக்கும், பிறகு ஒருவரும் கணக்கை மாற்ற முடியாது. அப்புறம் கழகச் செயலாளருக்கும் பொருளாளருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். ரிக்கெற் இலக்கம், விலை, நிகழ்ச்சித் திகதி, எந்த நாளுக்குள் காசு வேண்டும் என்பது போதும். ஒரு பிரதியில் அவர்கள் கையெழுத்தை வாங்குங்கள். பெரும்பாலும் இதோடேயே காசு வந்துவிடும். ஊர்க் கழகம், அடுத்த வருசமும் உங்களிடம்தான் ரிக்கெற் விற்க வரவேண்டும்.

வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது, தொலைபேசி 1977. சாமானுக்கு மட்டுமல்ல, காசு கொடுத்து வாங்குகிற சேவைக்கும் அங்கே முறையிடலாம். எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆறப்போட்டால் கதவு மூடிவிடும். மத்தியஸ்த சபைக்கும் போகலாம். சனி ஞாயிறுகளில் பள்ளிக்கூடங்களில் கூடுவார்கள், சட்டத்தரணி தேவையில்லை, இருத்தி வைத்துக் கதைத்துத் தீர்ப்பார்கள். ஆயிரம் ரூபாவுக்காக ஒருவர் தனியப் போய் நிற்பதைவிட, ரிக்கெற் வாங்கிய இருபது முப்பது பேர் ஒன்றாய்க் கையெழுத்து வைத்துப் போனால் மதிப்பு வேறு.

வேறு திகதி வைக்கிறோம், இதே ரிக்கெற்றோடு வாருங்கள் என்று சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். அந்தத் திகதி உங்களுக்கு ஏலுமா என்று பார்த்து, ஏலாவிட்டால் காசையே கேளுங்கள். சென்னையில் ஏ. ஆர். ரஹ்மானின் நிகழ்ச்சி 2023 ஓகஸ்ட் 12 அன்று மழையால் தள்ளிப்போய் செப்டெம்பர் 10 அன்று நடந்தது. அன்றைக்குக் கூட்டம் கட்டுமீறி, ரிக்கெற் வைத்திருந்த பலர் உள்ளுக்கே போக முடியாமல் திரும்பினார்கள். பிறகு ரிக்கெற்றின் பிரதியையும் குறையையும் எழுதி அனுப்பச் சொல்லி ரஹ்மானே கேட்டுக்கொண்டார். அவ்வளவு பெரிய நிகழ்ச்சியிலும் கடைசியில் கேட்டது ரிக்கெற்றைத்தான்.

இனி ஒரு விசயம், இதை மனதில் இருந்து கேட்கிறேன். கோபத்தை ஆர்மேல் காட்டுகிறோம் என்று பாருங்கள். நிகழ்ச்சி நின்ற இரவே அந்தக் குழுவில் பாடுகிற பெண்பிள்ளையின் படத்துக்குக் கீழே எழுதியவற்றை நானும் வாசித்தேன். கையெல்லாம் நடுங்கியது. அந்தப் பிள்ளை நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி கூலிக்குப் பாடுகிறவ. இரத்தானால் அவவுக்கும் அன்றைக்குக் காசு இல்லை. முடிவெடுத்தது அவ இல்லை, அவவுக்குச் செய்தி போனது உங்களுக்குப் போன நேரத்தில்தான் இருக்கும். வன்னியில் இருந்து ஒரு பிள்ளை மேடையேறிப் பாட வருவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, நிகழ்ச்சி பார்க்கப் போகவே நீங்கள் வீட்டில் எவ்வளவு கதைக்க வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளை பயந்து பாட்டை விட்டால் அது குழுத் தலைவருக்கு நட்டமில்லை, எங்களுக்குத்தான். கோபத்தைக் குழுவின் பொறுப்பாளருக்கு எழுதுங்கள்: ஏன் வரவில்லை, எப்போது தெரியும், ஏன் அப்போதே சொல்லவில்லை. இந்த மூன்றையும் திரும்பத் திரும்பக் கேளுங்கள். தூசணம் எழுதினால் அதைக் காட்டியே கேள்வியில் இருந்து தப்பிவிடுவார்கள்.

கழகங்களுக்கும் சொல்ல இருக்கிறது, இதை வாசிக்கிறவர்களில் கழகக்காரரும் இருப்பீர்கள். போனில் பேசி, வங்கியில் முற்பணம் போட்டு, அதோடு விடுவது இனிச் சரிவராது. ஒரு தாளில் எழுதுங்கள். அன்றிரவு வேறு மேடை இருக்கிறதா, எத்தனை மணிக்கு மைதானத்தில் இறங்குவார்கள், ஆர் ஆர் வருவார்கள், முக்கிய பாடகர் வராவிட்டால் என்ன, ஒரு கிழமைக்கு உள்ளே இரத்துச் செய்தால் முற்பணத்தோடு மேடைச் செலவிலும் எவ்வளவு தருவார்கள். இதைக் கேட்டால் குழு கோபிக்கும் என்று பயப்படுகிறீர்கள். ஒழுங்கான குழு கோபிக்காது. வெளிநாட்டில் பாடப் போகிறபோது அவர்களே இதைவிட நீளமான தாளில் கையெழுத்து வைக்கிறார்கள். உங்கள் பக்கத்திலும் ஒன்று எழுதுங்கள்: மிச்சக் காசை நிகழ்ச்சி தொடங்க முன் கையில் தருவோம் என்று. வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர் உதவுகிறார்கள் என்றால் அந்தக் காசை இதற்கு ஒதுக்குங்கள், வாணவேடிக்கைக்கு அல்ல. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை திறந்த மைதானத்தில் ரிக்கெற் நிகழ்ச்சி வைக்கவே வேண்டாம், அந்த மழையை நம்பி நான் ஒரு ஸ்பீக்கரும் வெளியில் இறக்கமாட்டேன்.

தங்கச்சி, கடிதத்தை இந்தக் கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள். ஓட்டோவுக்குக் கொடுத்த முற்பணத்தையும், வேலையில் விட்ட ஓவர்டைமையும் அதில் எழுதுங்கள். கழகம் அதைத் தர முடியாமல் போகலாம். ஆனால் குழுவிடம் நட்டம் கேட்டுப் போகிறபோது, சனத்துக்கு என்ன செலவானது என்று எடுத்துக்காட்ட அந்தப் பெடியளின் கையில் ஒரு தாள் இருக்கும். இப்போது அவர்களிடம் அதுவும் இல்லை.